கழுவிவிட்ட கட்டில்

அப்பா இறந்த பதினாறாம் நாள் வீட்டைக் கழுவினோம். கட்டிலையும் கழுவினோம். அந்தக் கட்டில் எங்களுடையது இல்லை.

அது வீட்டுக்கார அம்மாளின் கட்டில். கல்கத்தாவில், பவானிபூரிலிருந்து காளிகாட்டுக்குப் போகிற வழியில், ட்ராம் மணி காதில் விழுகிற தூரத்தில் ஒரு சந்து. அந்தச் சந்தில் மாடியில் இரண்டு அறைகள் எங்களுக்கு. கீழே அந்த அம்மாளும், கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்த அவருடைய மகனும். சந்தே அவரை மாஷிமா என்று கூப்பிட்டது. நம் பக்கத்துப் பெரியம்மா மாதிரி ஒரு முறை அது. அவருடைய கல்யாணத்துக்கு அவர் அப்பா பர்மாத் தேக்கில் செய்து கொடுத்த கட்டிலும் அலமாரியும் மாடியிலேயே நின்றுவிட்டன. படிக்கட்டின் வளைவில் அவை திரும்பாது. கழற்றித்தான் இறக்க வேண்டும். கழற்ற அவருக்கு மனசில்லை.

அப்பா வீடு கேட்டுப் போன அன்று, வேலை என்ன, சம்பளம் என்ன, மீன் தின்பீர்களா மாட்டீர்களா, ஒன்றும் கேட்கவில்லையாம் மாஷிமா. "கட்டிலை எதால் துடைப்பாய்?" என்று மட்டும் கேட்டாராம்.

"என் பழைய வேட்டியால்."

"ஈரமாகவா, காய்ந்தா?"

"காய்ந்துதான்."

"அப்போ சாமானை எடுத்துக்கொண்டு வா."

இந்தக் கதையை அப்பா தன் டீ கம்பெனி ஆபீஸில் சொல்லாத ஆள் கிடையாது. சொல்வதோடு நிற்கவில்லை, செய்யவும் செய்தார். கல்கத்தாவில் காலையும் மாலையும் வீட்டுக்கு வீடு கரியடுப்பு மூட்டுவார்கள். உனுன் என்பார்கள். அந்தப் புகை ஜன்னல் வழியாக வந்து எல்லாவற்றின் மேலும் படியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பி குடித்த கையோடு அப்பா வேட்டித் துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தலைமாட்டுப் பலகையில் கொடியும் மயிலுமாகச் செதுக்கியிருக்கும். அந்த இடுக்குகளுக்கு முடி கொட்டிப்போன ஒரு ஷேவிங் பிரஷ்.

"தூசிய அடிக்கப்படாதுட்டி. அடிச்சா அது எங்கயும் போவாது. எந்திரிச்சி ஒரு சுத்து சுத்திட்டு அங்கனயே வந்து உக்காரும். தூங்குத பிள்ளையத் தூக்குத மாதிரி மெதுவா எடுக்கணும்."

இப்படி ஏழு வருஷம். பிறகு அவருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஈரல் கெட்டுவிட்டது என்றார்கள். பதினோரு வாரம் அந்தக் கட்டிலிலேயே கிடந்தார். கடைசி வாரங்களைப் பற்றி நான் அதிகம் எழுதப்போவதில்லை. அறையில் ஒரு வாடை இருந்தது, அதை மட்டும் சொல்கிறேன். அது மெத்தையில் இருந்தது, கொசுவலையில் இருந்தது, அம்மாவின் புடவையில் இருந்தது. ஆடி மழையில் ஜன்னலைத் திறக்க வழியில்லை. அந்த மழையிலேயே அப்பா போய்விட்டார்.

கரக்பூரில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, வந்துதான் எல்லாவற்றையும் நடத்தினாள். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்துச் சனம் கல்கத்தாவில் நாலைந்து வீடுதான். செய்முறை தெரிந்தவள் அத்தை ஒருத்திதான். அவள் சொன்னது சட்டம். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் பதினாறு நாளும் எழுந்திருக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "ஏட்டி, வாளிய எடு. சாவு விழுந்த வீட்டுல தண்ணி படாத எடம் ஒண்ணு இருக்கப்படாது. மஞ்சத்தண்ணி கரைச்சி வச்சிருக்கேன் பாரு."

தரை, சுவர், கதவு, ஜன்னல் கம்பி. பிறகு கட்டிலுக்கு வந்தாள்.

எனக்குத் தெரியும். இதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் அர்த்தமே இல்லை. பத்தொன்பது வயது எனக்கு, ஏழு வருஷம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். அந்தக் காலத்துச் சாமான்களுக்கு அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து, பஞ்சை வைத்துக் கட்டிய துணியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவார்கள். வங்காளத்தில் அதைக் காலா பாலிஷ் என்பார்கள். முகம் பார்க்கலாம், அப்படி இருக்கும். அதற்கு ஆகாதவை இரண்டு: சூடும் தண்ணீரும். மாஷிமா கேட்ட ஒரே கேள்வியே அதுதானே. "வேண்டாம் அத்தை" என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. சொல்லவில்லை. அத்தைக்குப் பயந்து என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பயம் இல்லை. அந்த வாடை போகவேண்டும் என்று எனக்கும் இருந்தது. முதல் இரண்டு வாளி அத்தை ஊற்றினாள். மூன்றாவது நான் ஊற்றினேன். தலைமாட்டில், மயில் மேல்.

சாயங்காலத்துக்குள் வெளுத்துவிட்டது. மோர் சிந்திக் காய்ந்த மாதிரி, முதுகில் தேமல் படர்ந்த மாதிரி, கட்டிலின் நாலு பக்கமும், அலமாரியின் கீழ்ப்பாதியும். அத்தை விரலால் சுரண்டிப் பார்த்தாள். "பழைய சாமான்னா இப்படித்தான் நிறம் மாறும். காஞ்சா சரியாப் போவும்" என்றாள். மூன்றாம் நாள் அவளுடைய ரயில்.

இனி எங்களுக்கு அந்தக் கட்டில் ஏன் உயிர்ப் பிரச்சனை ஆனது என்று சொல்ல வேண்டும். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன அன்று, மூட்டுவலியால் இரண்டு வருஷமாக மாடி ஏறாத மாஷிமா, படிக்கட்டின் அடியில் ஒரு பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் கையைப் பிடித்து, "பயப்படாதே பௌமா" என்றார். மருமகளே என்று அர்த்தம். "அவன் பார்த்துக்கொண்ட மாதிரி என் சாமானைப் பார்த்துக்கொள். வாடகை ரசீதை உன் பேருக்கு மாற்றி எழுதச் சொல்கிறேன். நீயும் பெண்ணும் இருங்கள்." பக்கத்தில் நின்ற மகன் வேறு எங்கோ பார்த்தார். ஆம்பளை இல்லாத வீட்டை நம்பி மாடியை விடுவதில் அவருக்கு இஷ்டம் இல்லை. தெரிந்த யாருக்கோ அந்த அறைகளைத் தருவதாகப் பேச்சும் இருந்தது.

அப்பாவின் ஆபீஸில் எனக்கு ஒரு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். தேயிலை சாம்பிள் டப்பாக்களுக்குச் சீட்டு எழுதி ஒட்டுகிற வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவளுக்கு அது பெரிய இடம். துர்கா பூஜை விடுமுறை முடிந்து சேர வேண்டும். கல்கத்தாவில் வீடு இருந்தால்தான் அந்த வேலை. வீடு போனால் கரக்பூர். அத்தை வீட்டுப் பின்வராந்தா.

வீடு கழுவின மறுவாரம் மாஷிமாவின் மகன் மேலே வந்தார். நல்லவேளை, வாசல் திரையைத் தாண்டி வரவில்லை. "பாத்ரோ மாசத்தில் வெயில் அடிக்கிற ஒரு நாள் அம்மா மேலே வருகிறாள்" என்றார். அங்கே ஆவணியையொட்டி வருகிற அந்த மாசத்தில் மழைக்கு நடுவே வெயில் சுள்ளென்று அடிக்கும். பெட்டியில் இருக்கிற பட்டு, கம்பளி எல்லாவற்றையும் வெயிலில் காட்டுவார்கள். அலமாரியின் ஒரு பக்கத்தில் மாஷிமாவின் கல்யாணப் பட்டு பூட்டியிருந்தது. முந்தின இரண்டு வருஷமும் சாவியை வாங்கி அப்பாதான் அதைக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தார். "இந்தத் தடவை அவளே வந்து எடுக்கிறாளாம். கட்டிலையும் பார்ப்பாள். வீட்டு விஷயத்தை அதற்கப்புறம் பேசலாம்."

அவர் இறங்கிப் போன சத்தம் அடங்குகிற வரை நான் திரையைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அம்மா அன்றைக்குத்தான் எழுந்தாள். எழுந்து நேராக அடுக்களைக்குப் போய்த் தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து கொண்டுவந்தாள். ஊரில் கதவுக்கு அப்படித்தான் போடுவார்களாம். போட்டதும் வெள்ளை மறைந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பிடி சோறு தின்ற தெம்பு இருந்தது. இரண்டு நாள். மூன்றாம் நாள் எண்ணெய் சிக்குப் பிடித்து வாடை அடித்தது, எறும்பு வரிசை கட்டியது, செதுக்கு வேலையின் இடுக்குகளில் பச்சையாகப் பூஞ்சை பூத்தது. அடியில் இருந்த வெள்ளை அப்படியே திரும்பி வந்திருந்தது. அம்மா எல்லாவற்றையும் வழித்து எடுத்தாள்.

ட்ராம் ரோட்டில் ஒரு பெயின்ட் கடை. வெற்றிலை போட்டுச் சிவந்த வாயோடு ஒருத்தர் உட்கார்ந்திருப்பார். அவர் பேச்சைக் கேட்கவே சிலர் வாங்க வேண்டியது இல்லாமலும் நிற்பார்கள். எனக்கும் அப்படிப்பட்ட ஆட்களைக் கண்டால் போதும், நின்றுவிடுவேன். அன்றைக்கு அப்படி நிற்கிற மனசு இல்லை.

"பாலிஷ் வெளுத்துவிட்டது. மழை ஒழுகி" என்றேன்.

"எந்த இடத்தில், தீதி?"

"நாலு பக்கமும்."

"நாலு பக்கமுமா! ஒழுகுகிற மழை மேலிருந்துதானே விழும்? உங்கள் வீட்டில் சுற்றிச் சுற்றிப் பெய்கிறதா?" பின்னால் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். என் முகத்தைப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "சரி விடு. மரத்துக்கு எண்ணெய்தான் சோறு, காலாதான் சட்டை. உனக்கு எது வேண்டும்?"

"எது சீக்கிரம் ஆகும்?"

"சட்டை."

அரக்குச் சில்லும் ஸ்பிரிட்டும் வாங்கிக்கொண்டு, போடத் தெரிந்த மிஸ்திரி ஒருவரையும் அவரிடமே விசாரித்துக் கூட்டிவந்தேன். மிஸ்திரி கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். பலகையில் நகத்தால் தட்டினார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கொட்டுகிற மழையைப் பார்த்தார். பையைக் கீழேகூட வைக்கவில்லை.

"இந்தக் காற்றில் காலா போட்டால் போடப் போடவே வெளுக்கும். இப்போது தேமல்தான், அப்புறம் குஷ்டம். பூஜை முடிந்து காற்று காயட்டும், கூப்பிடு."

"பூஜை வரைக்கும் எங்களுக்கு நாள் இல்லை."

"நாளை நான் செய்து தர முடியுமா, மா?" என்றார். கோபமாக இல்லை. குடையை உதறிக்கொண்டு இறங்கிவிட்டார்.

மறுபடி கடை. மெழுகு டப்பாவைத் திறந்து காட்டினார் கடைக்காரர். ஆங்கிலேயர் வீட்டு பியானோவுக்கெல்லாம் அதுதானாம். அது வெள்ளையை மூடாது, வெள்ளையோடு சேர்ந்து பளபளக்கும் என்றும் அவரே சொல்லிவிட்டார். "சட்டை கிழிந்துவிட்டது, புதுச்சட்டை இப்போது கிடைக்காது. சோற்றையாவது போடு." திஷி எண்ணெய் இரண்டு பாட்டிலை எடுத்து வைத்தார். ஆளிவிதை எண்ணெய். ஒன்று காய்ச்சினது, ஒன்று பச்சை. காய்ச்சினது சீக்கிரம் உலரும், பச்சை மெதுவாக உலரும், ஆனால் மரத்துக்குள் நன்றாக இறங்கும், வெயில் இருந்தால் ஒரு வாரம் என்றார்.

இரண்டையும் மோந்து பார்த்தேன். காய்ச்சின எண்ணெயின் வாடை மூக்கில் ஏறியது. கிட்டத்தட்ட அந்த அறை வாடை. அம்மா பதினோரு வாரம் மூச்சுப் பிடித்துக்கொண்டு இருந்தவள். இப்போதும் அந்த அறைக்குள் வரும்போது வாயால்தான் மூச்சு விட்டாள். பச்சை எண்ணெய் வறுத்த எள் மாதிரி லேசாக மணத்தது. பச்சையை வாங்கினேன். உலர்கிற கணக்கை நான் பார்க்கவே இல்லை.

வெள்ளையை எண்ணெய் மட்டும் எடுக்காது, மாவு மாதிரி ஏதாவது வைத்துத் தேய்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். கரியடுப்புச் சாம்பல் வைத்துப் பார்த்தோம். நறநறத்தது, கீறல் விழுந்தது. அம்மா சாமி அலமாரிக்குப் போனாள். திருச்செந்தூரிலிருந்து யாரோ கொண்டுவந்து கொடுத்த திருநீறு ஒரு டப்பா நிறைய இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

"எம்மா, அதயா?"

"பின்ன எத? பூசிக்கிட வேண்டியவரு போய்ட்டாரு. எனக்கு எம்புட்டு வேணும், ஒரு சிட்டிகை." உள்ளங்கையில் கொட்டி எண்ணெய் விட்டுக் குழைத்தாள். "தேய்ட்டி. சாமி கோவிச்சிக்கிட்டா என்ட்ட கோவிச்சிக்கிடட்டும்."

சொன்னால் நம்பமாட்டீர்கள், வெள்ளை போனது. சுண்டுவிரல் அளவு, கை அளவு, பலகை அளவு. எட்டு நாள் தேய்த்தோம். அம்மா கட்டிலின் ஒரு பக்கம், நான் மறுபக்கம். அப்பா செத்த பிறகு அம்மா என்னோடு பேசியதெல்லாம் அந்த எட்டு நாளில்தான். "இந்த மயிலுக்குக் கண்ணு எப்பிடிப் போட்டிருக்கான் பாத்தியா, முழிச்சிக்கிட்டே இருக்கு" என்றாள் ஒரு தடவை. "வேலைக்குப் போவும்போது என் நீலச்சேலைய நீ கட்டிக்கிட்டுப் போ, எனக்கு இனி எதுக்கு" என்றாள் இன்னொரு தடவை.

எண்ணெய் ஏற ஏற மரம் கறுத்துச் சிவந்து, நனைந்த புளியங்கொட்டை மாதிரி மின்னியது. நன்றாக இருக்கிறதே என்று மேலே இன்னொரு கை போட்டேன். அதற்கும் மேலே ஒன்று. மழை விடவில்லை. தொட்டால் லேசாகப் பிசுக்கென்று இருந்தது. நாளைக்கு உலர்ந்துவிடும் என்றேன். அம்மா தலையாட்டினாள். தூரத்தில் நின்று பார்த்தால் ஒரு குறை சொல்ல முடியாது. நாங்கள் தூரத்தில் நின்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு காலையில் வானம் வெளுத்தது. ஒன்பது மணிக்குச் சுள்ளென்று வெயில். கீழே நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. மகனும் சந்து முனை ரிக்‌ஷாக்காரரும் மாஷிமாவைப் பிரம்பு நாற்காலியோடு தூக்கிவந்தார்கள். வளைவில் ரிக்‌ஷாக்காரர், "மாஷிமா, கொஞ்சம் சாப்பாட்டைக் குறைக்கக்கூடாதா" என்றார். "நான் செத்ததும் இதைவிடக் கனப்பேன், இப்போதே பழகிக்கொள்" என்றார் மாஷிமா. சிரிப்போடுதான் உள்ளே வந்தார்.

அலமாரி முன்னால் இறக்கினார்கள். முந்தானை நுனியில் முடிந்திருந்த சாவியை எடுத்தார். இடது கை விரலால் பலகையைத் தடவித் தடவிப் பூட்டின் ஓட்டையைக் கண்டுபிடித்து, அந்த விரலை அங்கேயே வைத்துக்கொண்டு சாவியைக் கொண்டுபோனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு வருஷத்தில் அவர் கண்ணில் புரை மூடிவிட்டிருந்தது. படியில் எங்கள் காலடிச் சத்தத்தை வைத்துத்தான் எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். எங்களுக்குத் தெரியவே தெரியாது.

அப்போது எனக்கு வந்த முதல் நினைப்பு, 'அப்பாடா' என்பது. கடவுளே என்றுகூட இல்லை. அப்பாடா.

பட்டை எடுத்து முகத்தில் வைத்து மோந்தார். மகன் அதை மொட்டைமாடிக்குக் கொண்டுபோனார். "என்னைக் கட்டில் பக்கத்தில் விடு" என்றார் மாஷிமா. ரிக்‌ஷாக்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் கீழே போய்விட்டார். தலைமாட்டுப் பலகையின் மேல் உள்ளங்கையை முழுசாக வைத்தார் மாஷிமா. வைத்த கையை நகர்த்தப் பார்த்தார். நகரவில்லை. எடுத்தபோது தோசைக்கல்லிலிருந்து எதையோ பிய்க்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. உள்ளங்கை கறுப்பாக இருந்தது. இரண்டு வாரத்து உனுன் புகையும் தூசியும் அந்த எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருந்தன. மரமே கறுப்பானதால் எங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை.

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துச் சேர்த்துப் பிரித்துப் பார்த்தார். "இது என்ன?"

அம்மா என் பக்கம் திரும்பினாள்.

"நான் கேட்கிறேன். இது என்ன? என் கட்டில் இப்படி இருக்காது. இதன் மேல் கை வைத்தால் வழுக்கும். குழந்தையாக இருந்தபோது என் மகன் இதைப் பிடித்து நிற்க முடியாமல் விழுந்திருக்கிறான்."

"எண்ணெய், மாஷிமா" என்றேன். "வெளுத்துவிட்டது, அதற்காக..."

"ஏன் வெளுத்தது?"

மகன் மொட்டைமாடியிலிருந்து திரும்பி வந்து வாசலில் நின்றார். நான் மழை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அம்மா பேசிவிட்டாள். ஏழு வருஷத்தில் காய்கறிக்காரரிடம் பேசுகிற வங்காளம்கூட அம்மாவுக்கு முழுசாக வராது. "ஜொல்" என்றாள். தண்ணீர். பிறகு கையால் வாளி ஊற்றுகிற மாதிரி காட்டினாள், மாஷிமாவின் கண்ணுக்கு அது தெரியாது என்பதை மறந்து. "தோஷ் ஆமார்." குற்றம் என்னுடையது.

"தண்ணீரா? என் கட்டிலிலா? எதற்கு?"

"அப்பா இதில்தான் போனார்" என்றேன். "எங்கள் வழக்கத்தில் அப்படிக் கழுவுவார்கள்."

மாஷிமா கையை மடியில் வைத்துக்கொண்டார். சத்தத்தை உயர்த்தாமல் பேசினார்.

"என் புருஷன் இதில்தான் போனார். என் மாமியார் இதில்தான். என் மூத்தது, நாலு நாள் இருந்தது, அதுவும் இதில்தான். மெத்தையை எடுத்துப் போட்டோம். கங்கைத் தண்ணீரை விரலால் தெளித்தோம். அதற்கு மேல் என்ன? செத்தவர்களைச் சுமந்தது அது. அதை எதற்குக் கழுவினீர்கள்? அது உங்களுக்கு என்ன செய்தது?"

நான் அதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லவில்லை. சொல்லாமலே அம்மாவுக்குப் புரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். மூன்றாவது வாளியை ஊற்றியது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரிந்தே ஊற்றினேன், அம்மா அப்போது சுவரில் சாய்ந்து கிடந்தாள், அவளுக்கு ஒன்றுமே தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நல்ல வங்காளம் எனக்குத்தானே வரும். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"காளி பூஜை வரை இருங்கள்" என்றார் மாஷிமா. நம் தீபாவளி நாள் அது. மகன் ஏதோ சொல்ல வந்தார். கையைக் காட்டி நிறுத்தினார். "அதற்குள் இந்தக் கட்டிலைச் சரிசெய்து கீழே இறக்கிக் கொடுங்கள். இங்கே அதைப் பார்க்க ஆள் இருந்தான் என்றுதான் விட்டுவைத்தேன். எனக்கும் அதில்தான் போகவேண்டும். ஒட்டுகிற கட்டிலில் போகமாட்டேன்."

ரிக்‌ஷாக்காரரைக் கூப்பிட்டுத் தூக்கச் சொன்னார்கள். இறங்கும்போது அவர் ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை. மாஷிமாவின் முகம் பார்த்திருப்பார்.

அதன் பிறகு நடந்தது வேலைதான். உடைந்த கண்ணாடித் துண்டை வைத்து அந்த எண்ணெயைச் சுரண்டினோம். பசை மாதிரி சுருண்டு சுருண்டு வந்தது. சுரண்டி, ஸ்பிரிட்டால் துடைத்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி துடைத்து. இந்தத் தடவை அம்மா பேசவில்லை. சந்தில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் நட்டார்கள், தாக் மேளம் அடித்தார்கள், விசர்ஜனத்துக்கு எல்லாரும் ஆடிக்கொண்டு போனார்கள். நாங்கள் மயிலின் இறகுக்குள் ஊக்கை விட்டு எண்ணெய் எடுத்துக்கொண்டிருந்தோம். பூஜை முடிந்து ஆபீஸில் சேர வேண்டிய நாள் வந்தது. போய், கரக்பூருக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். நல்ல மனுஷர்தான் அந்த மேலாளர். "கரக்பூரிலிருந்து தினம் வந்து போக முடியாதா?" என்று கேட்டார். "வயசுப் பெண்ணை அவ்வளவு தூரம் அத்தை அனுப்ப மாட்டாள்" என்றேன். சீட்டு ஒட்டுகிற வேலை வேறு யாருக்கோ போயிற்று.

மழை ஓய்ந்து வடக்குக் காற்று லேசாகத் திரும்பியதும் மிஸ்திரி வந்தார். இந்தத் தடவை பையைக் கீழே வைத்தார். கட்டிலோடு அலமாரியின் கீழ்ப்பாதிக்கும் சேர்த்து மூன்று நாள் காலா போட்டார். துணிப் பொட்டலம் சின்னச் சின்ன வட்டமாகப் போய்க்கொண்டே இருந்தது. வெளுக்கவில்லை, ஒட்டவில்லை. கையை வைத்தால் வழுக்கியது. நானே வைத்துப் பார்த்தேன்.

நாலாம் நாள் கழற்றினார்கள். ஆணிகளைத் தட்டித் தட்டி எடுத்தபோது, அறுபது வருஷமாக அசையாத மரம் முனகியது. பலகை பலகையாக வளைவில் இறங்கிக் கீழே மறுபடி கட்டிலானது. மாஷிமா தடவிப் பார்த்தார். "ம்" என்றார். ஏறிப் படுத்துக்கொண்டு, "பௌமா" என்று கூப்பிட்டார். அம்மா வாசலில் நின்றாள். "நீ என் மேல் கோபம் வைத்துக்கொண்டு போகாதே" என்றார். அதற்கு அம்மாவுக்கு வங்காளம் இல்லை. தமிழிலும் இருந்திருக்குமா, தெரியாது.

மேலே அறை திடீரென்று பெரிதாகிவிட்டது. தரையில் நாலு கால் இருந்த நாலு வட்டம் மட்டும் வெளிச்சமாக இருந்தது. கிளம்புவதற்கு ஆறு நாள் இருந்தது. அந்த ஆறு நாளும் அம்மா ஜன்னலுக்குப் போக வேண்டுமென்றால் நேராகப் போகவில்லை. கட்டில் இருந்த இடத்தைச் சுற்றிக்கொண்டுதான் போனாள்.